செப்டம்பரில் உள்ளே போனவள்

நிபியா குயித்தீன்யோவுக்கு எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். தொட்டுப் பார்த்த பிறகும் பாதிதான் வரும். லா கார்சா அணையின் மதகு வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், தலைநகரத்திலிருந்து வந்த ஆட்கள் புதிதாக ஓர் அளவுகோலைத் தண்ணீருக்குள் நட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் அதைப் பார்த்து நீர்மட்டத்தை எழுதினார்கள். நிபியா மட்டும் ஒரு தச்சரிடம் அளவு நாடாவை இரவல் வாங்கி, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கி அளந்தாள். கோல் இருபத்திரண்டு சென்டிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்ததற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. உன்னை யார் இறங்கச் சொன்னது என்று கேட்டார்கள்.

அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம். மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, சந்தேகம் மட்டும் தேயவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எந்த மணிக்கு என்ன செய்தாள் என்பதை அதில் பேனாவால் எழுதிக்கொள்வாள். பென்சிலை அவள் தொடுவதில்லை, அழித்துவிட முடியும் என்பதால்.

மதகு வீடு என்றால் அணைக்கரையில் ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் சர்வர் இருந்தது. மேசைமேல் ஒரு கறுப்புத் திரை. அதில் படமும் கிடையாது, அம்புக்குறியும் கிடையாது. எழுத்துகள் மட்டும்தான். கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். நீர்மட்டம் கேட்க ஒரு கட்டளை, சங்கு ஊத ஒரு கட்டளை, வெளியேற ஒரு கட்டளை. முதல் இரண்டும் அன்றாடம் பயன்பட்டன. மூன்றாவதை யாரும் தொட்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. உள்ளே நுழைய நீளமான பாஸ்வேர்டு வேண்டும், மூன்று தடவை தப்பாக அடித்தால் சர்வர் பூட்டிக்கொள்ளும், பிறகு தலைநகரத்துக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். அதனால் மதகு வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒரு ஷிப்டு முடிந்து அடுத்தவர் வரும்போது, சூடு ஆறாத நாற்காலியையும், மத்தே என்ற மூலிகைத் தேநீரை ஒருவர் மாற்றி ஒருவர் குடிக்கும் குடுவையையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கையும் கொடுப்பதுபோலத் திரையையும் திறந்தபடியே கொடுத்துவிட்டுப் போவார்கள். செப்டம்பரில் ஒரு நாள் மின்சாரம் போய்ச் சர்வர் அணைந்தது. மறுபடி வந்தபோது நிபியா தன் பெயரில் உள்ளே போனாள். அவள் ஷிப்டு முடிந்து எல்பியோ உட்கார்ந்தான், அவனுக்குப் பின் இன்னொருவர். திரையின் ஓரத்தில் நிபியாவின் பெயர் மட்டும் மாறாமல் அப்படியே நின்றது.

அக்டோபரிலிருந்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் திறப்பார்கள். நகரத்து அலுவலகத்தில் இருக்கும் இஞ்சினியர் எச்செனிக்கே மதகு வீட்டுக்குப் போன் செய்வார். நிபியா வாய்க்கால் கரைக் கம்பங்களின் ஒலிபெருக்கிகளில் கேட்கும்படி சங்கை ஊதிவிட்டு, ஊதியாயிற்று என்று அவரிடம் சொல்வாள். அரைமணி கழித்து அவர் தன் மேசையிலிருந்தே மதகைத் திறப்பார். அந்த அரைமணிக்குள் வாய்க்காலுக்குள் இறங்கிப் பாசி அள்ளுகிறவர்கள் கரையேறிவிட வேண்டும். குதிரைமேல் வரப்பு வரப்பாகச் சுற்றி வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடும் அந்த ஆட்களைத் தண்ணீர்க்காரர்கள் என்பார்கள். சங்கு ஊதியதையும் மதகு திறந்ததையும் சர்வர் மணியோடு எழுதிவைத்துக்கொள்ளும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வில்மார் தெச்சேரா என்ற தண்ணீர்க்காரர் கரையேறவில்லை. மூன்றாம் கம்பத்துக்குக் கீழே வாய்க்காலுக்குள் நின்று பாசியை இழுத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்துவிட்டது. சரிவில் கட்டியிருந்த குதிரை செத்தது. சிமெண்டுச் சுவரில் அடிபட்டு வில்மாரின் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. பதினொரு மணிக்குத் தண்ணீர்க்காரர்களோடு பேசும் ரேடியோவில் செய்தி வந்தபோது நிபியாவின் கையில் இருந்த மத்தே ஆறிப்போனது.

வியாழக்கிழமை அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எச்செனிக்கே ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். சர்வர் எழுதியதன் அச்சுப் பிரதி. மதகு திறந்தது பத்து நாற்பது. அதற்குக் கீழே, சங்கு ஊதியது பதினொன்று எட்டு, ஊதியவர் நிபியா குயித்தீன்யோ.

"பத்து எட்டுக்கு ஊதிட்டேன்னு போன்ல சொன்னீங்க," என்றார். "சர்வர் பதினொண்ணு எட்டுங்குது. பதினொரு மணிக்குச் செய்தி வந்ததும் பதறிப்போய் ஊதியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு பொய், தோன்யா நிபியா. மெஷினுக்குப் பொய் சொல்லி என்ன லாபம்?" குற்றம் சாட்டும்போதும் தோன்யா என்ற மரியாதைச் சொல்லை அவர் விடவில்லை.

"அதையேதான் நானும் கேக்குறேன், இஞ்சினியர். எனக்கு என்ன லாபம்?"

அவர் இன்னொரு தாளை எடுத்தார். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து மதகு திறந்த நாட்கள் பதினேழு. பதினேழு நாளும் சங்கு பின்னால்தான் வந்திருந்தது. பதினேழிலும் அவள் பெயர்.

நிபியா தன் நோட்டைத் திறந்து காட்டினாள். செவ்வாய், பத்து எட்டு, சங்கு. பேனா எழுத்து. அவர் அதைத் தொடக்கூட இல்லை. நோட்டில் யாரும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். இரண்டாம் கம்பத்துக்குப் பக்கத்துப் பண்ணையின் சமையற்காரி, தான் அடுப்பில் குழம்புச் சட்டியை ஏற்றும்போது சங்கு கேட்டது, அது எப்போதும் பத்து மணி வேலை என்று சொல்லியிருந்தாள். அதற்கும் எச்செனிக்கே சிரித்தார். குழம்புச் சட்டி கடிகாரம் ஆகாதாம்.

பதினேழு தடவை தண்ணீருக்குப் பின்னால் சங்கு ஊதியிருந்தால், வாய்க்காலுக்குள் நிற்கும் முப்பது பேரில் ஒருவர்கூட பதினாறு தடவை அதைக் கவனிக்காமல் இருந்தாரா என்று அந்த அறையில் வேறு யாரும் கேட்கவில்லை. நிபியா கேட்டாள். அதிர்ஷ்டம் என்றார் இஞ்சினியர். பொறியியல் படித்த மனிதர், அதிர்ஷ்டத்தைக் காரணம் என்று சொன்னார். கூலிக்காரியின் பேச்சுக்குச் சாட்சி கேட்கிறவர்கள் மெஷினின் பேச்சுக்குச் சாட்சி கேட்பதில்லை. மெஷின் நிறுவனத்தின் சொத்து.

விசாரணை முடியும்வரை இடைநீக்கம் என்று கடிதம் கொடுத்தார்கள். வெள்ளி நண்பகலுக்குள் சர்வரிலிருந்து வெளியேறி, பாஸ்வேர்டையும் மதகு வீட்டுச் சாவியையும் கம்ப்யூட்டர்காரர் யாமந்துவிடம் ஒப்படைக்க வேண்டும். அதே கடிதத்தின் நகல் அவள் வெளியே வருவதற்குள் அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது.

அங்கிருந்து அவள் நேராக மருத்துவமனைக்குப் போனாள். வில்மார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேசியவள் அவர் மனைவி சுல்மாதான். சுல்மாவின் கையில் மத்தே இருந்தது, அறையில் இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் இருந்தார்கள், குடுவை மூன்று பேருக்குள்ளேயே சுற்றியது. நிபியாவின் பக்கம் அது வரவே இல்லை.

"சங்கு கேக்கலைங்குறாரு," என்றாள் சுல்மா. "நீ ஊதலைன்னு பலகையில ஒட்டியிருக்காங்க. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"மூணாங் கம்பத்து ஒலிபெருக்கி பிப்ரவரி இடியில செத்துப்போச்சு, சுல்மா. ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன்."

"எழுதறதுல நீ கெட்டிக்காரின்னு எல்லாருக்கும் தெரியும்."

நிபியா தலையணைப் பக்கம் கொண்டுவந்த பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். வில்மார் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போவது ஒன்று. இந்த மனிதர் சாகும்வரை, தன் காலை ஒடித்தவள் நிபியா என்று நினைத்துக்கொண்டு நொண்டப்போகிறார் என்பது இன்னொன்று. இரண்டில் எது கனம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மாலை ஷிப்டுக்கு வந்த எல்பியோவைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தாள். பதினேழு சங்கில் ஆறு அவன் ஊதியவை. அவனும் பிந்தியா ஊதினான்? இல்லை, சரியான நேரத்தில்தான் ஊதினேன் என்றான். அப்படியென்றால் அந்த ஆறும் ஏன் பிந்தி எழுதப்பட்டிருக்கின்றன?

எல்பியோ தன் செருப்பைப் பார்த்தான். "என் பேரு அதுல இல்லையே, நிபியா. இல்லாத பேர நானே எதுக்கு இழுத்துவிட்டுக்கணும்?"

"உன் ஆறு சங்கையும் என் தலையில கட்டியிருக்காங்கடா."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

பேருந்தில் வீடு போகும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எச்செனிக்கே ஆள் வைத்துப் பதிவை மாற்றியிருக்கிறார். ஒலிபெருக்கி செத்தது வெளியே வந்தால் தொழில் ஆய்வாளர் வருவார், நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். சங்கே ஊதவில்லை என்றால் ஒலிபெருக்கி உயிரோடு இருந்ததா செத்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே அவளுக்கு அதன்மேலும் லேசாகச் சந்தேகம் வந்தது. அவருக்கு மாற்றக் காரணம் இருந்தது. மாற்றியதற்கு ஆதாரம் இல்லை. காரணத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டால், அவளைக் குற்றவாளியாக்கியவர்கள் செய்ததையே அவளும் செய்ததாகும்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு மதகு வீட்டுக்குப் போனாள். எல்பியோ நாற்காலியை விட்டு எழுந்து, வெளியே வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். நிபியா உட்கார்ந்தாள். வெளியேறும் கட்டளையை அடித்தால் முடிந்தது. நாலு எழுத்து. விரலை வைத்தவள் நிறுத்தினாள். தான் எந்த நிமிஷத்தில் வெளியே போனோம் என்று எழுதிக்கொள்ளாமல் போனால், நாளைக்கு இந்தப் பெயரில் யாராவது எதையாவது செய்துவிட்டு அதையும் இவள் தலையில் கட்டுவார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதலாம். கடிகாரத்தை நம்ப மாட்டேன் என்பவர்களுக்குச் சர்வரின் வாயிலிருந்தே மணி வர வேண்டும். பழைய கம்ப்யூட்டர்காரர் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில், தேதியும் மணியும் கேட்பதற்கு ஒரு கட்டளை இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் அதை அடித்ததே இல்லை. எதிரே சுவரில் கடிகாரம் இருக்கும்போது யார் திரையிடம் மணி கேட்பார்கள்?

அடித்தாள். பன்னிரண்டு நாற்பத்தொன்று என்றது.

சுவரில் பதினொன்று நாற்பத்தொன்று. கைக்கடிகாரத்தில் அதே. கைப்பேசியில் அதே. மறுபடி அடித்தாள். பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

முதலில் தோன்றியது, தன் திரைக்கு யாரோ பொறி வைத்திருக்கிறார்கள் என்பதுதான். இரண்டாவதாகத் தோன்றியதை அவள் நோட்டில் எழுதினாள். பதினொன்று எட்டில் ஒரு மணியைக் கழித்தால் பத்து எட்டு. எழுதிவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தவறிப்போய்க்கூட எதுவும் அழுந்திவிடக் கூடாது என்று.

யாமந்து வந்தபோது அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்காரன், தலைநகரத்தில் நாலு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவன், நாலு மணி நேரம் பேருந்தில் வந்த களைப்பு முகத்தில். தன் லேப்டாப்பை வயரால் அலமாரியோடு இணைத்து, தன் பெயரில் உள்ளே நுழைந்தான். மணி கேட்கும் கட்டளையை அடிக்கச் சொன்னாள் நிபியா. எதுக்கு என்று கேட்டுக்கொண்டே அடித்தான். பதினொன்று ஐம்பத்து மூன்று.

"இப்ப என் திரையப் பாருங்க," என்று அவள் அடித்தாள். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

ஒரே அலமாரி, ஒரே சர்வர், ஒரே நிமிஷம். யாமந்து அவள் திரையையும் தன் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் காது சிவந்ததை நிபியா கவனித்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் அவன், "சரி, நீங்க வெளிய வந்துடுங்க, தோன்யா நிபியா," என்றான். "பன்னண்டு மணிக்குள்ள முடிக்கணும்னு சொல்லியிருக்காங்க."

குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அந்த மென்மைதான் அவளை உசுப்பியது.

"வெளிய வந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மறுபடி உள்ள போனா எல்லாம் சரியா இருக்கும்."

"இப்ப எது சரியில்ல?"

அந்த நேரம் பார்த்து அவன் கைப்பேசி அடித்தது. எச்செனிக்கே. வேலை முடிந்ததா என்று கேட்கிறார். யாமந்து ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னான். மறுமுனைக் குரல் உயர்ந்தது. அவள் வெளியேற மாட்டேன் என்றால் சர்வரையே ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்கிறார் என்பது நிபியாவுக்கு இங்கிருந்தே கேட்டது. அவள் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி அலமாரிக் கதவுக்கு முன்னால் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்து, வெந்நீர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தன் கைப்பேசியில் நெல் தொழிலாளர் சங்கத்துச் சிக்ஸ்தோவைக் கூப்பிட்டு, நோட்டரி அம்மாளைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

"அவங்க அலமாரிக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க, இஞ்சினியர்," என்று யாமந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தான். "இல்ல, நகத்த முடியாது. கையில வெந்நி வச்சிருக்காங்க."

போனை வைத்துவிட்டு அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நிபியா மத்தேயில் வெந்நீர் ஊற்றி, முதல் குடுவையைத் தான் குடித்தாள். இரண்டாவதை ஊற்றி, நீட்டலாமா என்று யோசித்து, நீட்டினாள்.

"நீதான் மாத்தினியா?"

"பதிவையா? சத்தியமா இல்ல." குடுவையை வாங்கிக்கொண்டான். "ஆனா நான் ஒண்ணு செஞ்சேன். அது உங்க வரைக்கும் வரலைன்னு இப்பதான் தெரியுது."

அவன் சொன்னதை அவள் இடைமறித்து இடைமறித்துக் கேட்டாள். ஒவ்வொரு கோடையிலும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் வழக்கத்தை அரசாங்கம் அந்த வருஷக் குளிர்காலத்தில் நிறுத்திவிட்டது. மனிதர்கள் செய்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சர்வர் செய்தி கேட்பதில்லை. அதற்குள் இருந்த பழைய விதிப்படி, அங்கே கோடை தொடங்கும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை அது தானாக ஒரு மணி முன்னால் தாவியது. மறுநாள் எச்செனிக்கே போன் போட்டுக் கத்தினார். முறையாகச் செய்வதென்றால் நேரில் வந்து, சர்வரை நிறுத்தி, புதிய விதிகளை ஏற்ற வேண்டும். தண்ணீர் திறக்கும் பருவத்தில் நிறுத்தக் கூடாது, பயணத்துக்கும் அனுமதி இல்லை, இன்றைக்கே சரியாக வேண்டும் என்றார் இஞ்சினியர். யாமந்து தலைநகரத்தில் இருந்தபடியே குறுக்குவழி ஒன்று செய்தான்.

"யாராவது உள்ள நுழையும்போது சர்வர் ஒரு ஃபைலப் படிக்கும். இந்த ஆளுக்கு எந்த பாஷை, எந்த ஊரு நேரம், எல்லாம் அதுல இருக்கும். அதுல ஒரு வரி எழுதினேன், எல்லாருக்கும் நம்ம ஊரு நேரம் இதுதான்னு. எழுதிட்டு வெளிய வந்து மறுபடி உள்ள போய்ப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

"நுழையும்போது மட்டும்தான் படிக்குமா?"

"அப்ப மட்டும்தான். ஒரே ஒரு தடவை. உள்ளயே இருக்கிற ஆளு கிட்ட வந்து புதுசா ஒரு வரி இருக்குன்னு அது சொல்லாது."

"நான் செப்டம்பர்ல நுழைஞ்சேன்."

"தெரியுது." அவன் குடுவையைத் திருப்பிக் கொடுத்தான். "ஆஃபீஸ்ல இஞ்சினியர் தினம் காலையில நுழையறாரு, சாயங்காலம் வெளிய வர்றாரு. நானும் அப்படித்தான். ரெண்டு மாசம் உள்ள போனவங்க வெளியவே வராம இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, தோன்யா."

வாசலில் நோட்டீஸ் ஒட்டினால் வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள் என்று நினைப்பவர்கள், வாசலுக்கே வர முடியாதபடி உள்ளே வேலையில் உட்காரவைக்கப்பட்டவர்களை எண்ணுவதே இல்லை. யாமந்து கெட்டவன் இல்லை. தான் வாழும் விதத்திலேயே எல்லோரும் வாழ்வதாக நினைத்துச் சோதித்துப் பார்த்தவன். நிபியா அதைப் புரிந்துகொண்டாள். மன்னிக்க அவசரப்படவில்லை.

"அப்ப ஏன் என்னை வெளிய வரச் சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான். டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள் என்றான். அவள் வெளியே வந்திருந்தால், மறுபடி நுழையும்போது எல்லோருக்கும் ஒரே மணி. தன் வரியைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

"உனக்கு ஒப்பந்தம். எனக்குப் பேரு," என்றாள் நிபியா. "வில்மாருக்குக் காலு. நோட்டரி வந்ததும் நீ சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னாலும் ரெண்டு திரையும் சொல்லும். நீ சொன்னா உனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்."

கைப்பேசி மறுபடி அடித்தது. யாமந்து எடுத்துப் பார்த்தான். அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, திரையைக் கீழே கவிழ்த்து வைத்தான்.

சிக்ஸ்தோவின் வண்டி ஒன்றரை மணிக்கு வந்தது. நோட்டரி பெர்ருத்தி அம்மாள் குட்டையானவர், கையில் முத்திரைப் பெட்டியும் வாயில் அணையப்போகும் சிகரெட்டும். நிபியாவைவிடச் சந்தேகக்காரி. கதை எனக்கு வேண்டாம், கண்ணில் படுவது மட்டும் வேண்டும் என்றார். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மூன்று தடவை கட்டளை அடிக்கச் சொன்னார். ஒன்றில் இரண்டு முப்பத்தேழு, ஒன்றில் ஒன்று முப்பத்தேழு. திரைக்கடியில் ரகசிய வயர் ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நிபியாவின் திரையில் அவள் பெயர் எந்தத் தேதியில் நுழைந்தது என்று கேட்டு எழுதினார், செப்டம்பர். யாமந்துவின் வரி இருக்கும் ஃபைல் எந்தத் தேதியில் கடைசியாக மாற்றப்பட்டது என்று கேட்டு எழுதினார், அக்டோபர். யாமந்து தடுமாறாமல் சொன்னான்.

"இப்ப வெளிய வந்து மறுபடி நுழைங்க," என்றார் நிபியாவிடம்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் அந்த நாலு எழுத்தை அடித்தாள். திரை வெறுமையானது. பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, அடித்து உள்ளே போனாள். மணி கேட்டாள். ஒன்று நாற்பத்தொன்பது. சுவரிலும் ஒன்று நாற்பத்தொன்பது. பெர்ருத்தி அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஹூம்," என்றார். அதையும் எழுதினாரா என்பது தெரியவில்லை.

"இன்னொண்ணும் எழுதுங்க," என்றாள் நிபியா. "மூணாங் கம்பத்து ஒலிபெருக்கி. நான் கொடுத்த ரெண்டு புகாரோட நகல் இதோ, தேதியும் கையெழுத்தும் இருக்கு. இப்ப சங்கு ஊதுறேன். நீங்க கம்பத்தடியில போய் நின்னு கேட்டுட்டு வாங்க."

"மணி சண்டைக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் சிக்ஸ்தோ.

"மணி என் பேரைக் காப்பாத்துச்சு. வில்மார் காலை ஒடிச்சது மணி இல்ல."

நோட்டரி அம்மாள் சிக்ஸ்தோவின் வண்டியில் போய்க் கம்பத்தடியில் நின்றார். நிபியா ஊதினாள். அவர் திரும்பி வந்து, தவளைச் சத்தம் கேட்டது என்றும் வேறெதுவும் கேட்கவில்லை என்றும் பதிவு செய்தார்.

திங்கட்கிழமை இடைநீக்கக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மூன்று வரி. தொழில்நுட்பக் காரணம் என்று இருந்தது. வருத்தம் என்ற சொல் இல்லை. அதைப் பலகையில் ஒட்டுங்கள் என்றாள் நிபியா. தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்தானே என்றார் எச்செனிக்கே. இடைநீக்கம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று பலகையில் ஏற்றியவர்கள், தாங்கள் தவறியதை மட்டும் காற்று கொண்டுபோய்ச் சொல்லும் என்று எதிர்பார்த்தார்கள். அவள் நோட்டரிப் பத்திரத்தின் நகலை நாலு மூலைக்கும் நாலு ஊசி குத்தித் தானே ஏற்றினாள். யாரும் எடுக்கத் துணியவில்லை. தொழில் ஆய்வாளர் டிசம்பரில் வந்தார், அதைத்தான் முதலில் படித்தார். ஒலிபெருக்கி ஜனவரியில் மாறியது. யாமந்துவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எச்செனிக்கே இருந்த நாற்காலியிலேயே இருந்தார்.

அதன் பிறகு மதகு வீட்டில் ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்பியோ இப்போது தன் பெயரில் நுழைகிறான். முதல் நாள் மூன்று தடவை தப்பாக அடித்துச் சர்வரைப் பூட்டிக்கொண்டான். நிபியா உதவிக்கு எழவில்லை.

மருத்துவமனைக்கு அவள் மறுபடி போகவில்லை. பத்திரத்தின் இன்னொரு நகலை உறையில் போட்டு அனுப்பினாள். பதில் வரவில்லை. ஏப்ரலில், அறுவடைக்கு முந்தைய கடைசித் தண்ணீர் திறக்கும்போது, வில்மார் ஒரு பக்கம் சாய்ந்த நடையோடும் இரவல் குதிரையோடும் வேலைக்குத் திரும்பினார். அன்று காலை சங்கு ஊதிய பிறகு ரேடியோவில், விபத்துக்குப் பிறகு வந்த வழக்கப்படி, ஒவ்வொரு தண்ணீர்க்காரராகக் கேட்டது என்று சொன்னார்கள். கடைசியாக வில்மாரின் குரல் வந்தது.

"மதகு வீடு, இப்ப மணி என்ன?"

"எட்டு இருபது," என்றாள் நிபியா.

"உன் மணியா, அவனுங்க மணியா?"

முப்பது ரேடியோக்களும் கேட்டுக்கொண்டிருந்தன. நிபியா பதில் சொல்லும் முன் திரையில் கட்டளையை அடித்தாள், சுவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான், வில்மார். இன்னைக்கு."

"அப்ப நான் கரையேறுறேன்," என்றார் அவர்.